ஏழாம் இலக்க வீட்டு ஆணிகள்

மடவளை
19.08.2024

அன்பும் அறிவும் (இரண்டாவது கொஞ்சம் தூக்கலாகவே) உள்ள இன்ஷிரா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தில் கோழிக் குழம்பு மணந்தால் மன்னிக்கவும். வாப்பா என் ஃபோனை அலுமாரியில் பூட்டிவிட்டார். மார்ச் மாதம் ஓ.எல். பரீட்சை முடியும்வரை அதற்கு விடுதலை இல்லை. உம்மாவின் ஃபோனில் பேசலாம்தான். ஆனால் உம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தேங்காய் துருவுவார். நமது இரகசியம் சந்திப் பள்ளிவாசல்வரை கேட்கும். ஆகவே மஹ்மூத் மாமா பேராதனை ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் வழியில் உங்கள் விடுதியில் இறக்கும் சாப்பாட்டுக் கெரியர் இருக்கிறதே, அதன் அடித்தட்டுதான் இனி நமது தபால் கந்தோர்.

நீங்கள் அனுப்பிய துறைச் செய்திமடலை முழுக்க வாசித்தேன். 'குடிசார் மற்றும் சுற்றாடல் பொறியியல் துறை.' இந்தப் பெயரை முதன்முதலில் கேட்டபோது, குடித்துவிட்டுச் சுற்றி ஆடுவதற்கும் காம்பஸில் படிப்பு இருக்கிறதாம் என்று நான் வாப்பாவிடம் சொன்னதும், அவர் இரண்டு நாள் உங்களை அனுப்புவதா விடுவதா என்று யோசித்ததும் நினைவிருக்கும்.

மடல் முழுக்கச் சாதனைதான். ஒரு விரிவுரையாளர் சேருக்குக் கலாநிதிப் பட்டம். நீர் ஆய்வுகூடத்துக்குப் புது மெஷின். அதைச் சுற்றிப் பதினொரு பேர் நின்று படம் எடுத்திருக்கிறார்கள், மெஷினைத்தான் காணவில்லை. மூங்கில் பாலப் போட்டியில் இரண்டாம் இடம். பிறகு ஆறாம் பக்கத்தில் என் ராத்தா! 'இறுதியாண்டு மாணவி இன்ஷிராவின் மண்சரிவு ஆய்வு, கொழும்பில் நடைபெறவுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்குத் தெரிவு.' உம்மா அந்தப் பக்கத்தை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் போனாலும் உங்கள் முகத்துக்கு சலாம் சொல்ல வேண்டியிருக்கிறது. மண் எப்போது சரியும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு மாப்பிள்ளை ஒன்றும் சரிவரவில்லையே என்று உம்மா கேட்கச் சொன்னார். (சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.)

ஆனால் ஆறாம் பக்கத்தில் என் பெயர் எங்கே? பன்னிரண்டு வீட்டுச் சுவர்களில் வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஆணி அடித்தது நீங்கள். ஆனால் ஏழாம் இலக்க வீட்டுக்கு, அதுதான் மேலே பேச்சியம்மாக்காவின் வீட்டுக்கு, ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்கு நூற்று அறுபத்தெட்டுப் படி ஏறி, ஆணிக்கும் ஆணிக்கும் இடையில் உருக்கு அடிமட்டம் வைத்துக் கொப்பியில் எழுதுவது யார்? வீட்டுக்காரர் தாமே அளந்தால் புது வீட்டுப் பட்டியலில் ஏறுவதற்காகக் கூட்டிச் சொல்வார்கள், வெளியாள்தான் அளக்க வேண்டும் என்பது உங்கள் சந்திரிகா மேடம் போட்ட சட்டம். அந்த நேர்மையான வெளியாள் நான். பரிசு கிடைத்தால் எனக்கு ஃபலூடா. பெரிய கிளாஸ்.

இப்படிக்கு,
உங்கள் ஆய்வின் ஆணிவேர்,
அஹ்னாப்


பேராதனை
22.08.2024

அன்புத் தம்பி அஹ்னாபுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கோழிக் குழம்பு கிடைத்தது. அதற்கடியில் கடிதமும், கடிதத்துக்கடியில் ரப்பர்ப் பல்லியும் கிடைத்தன. என் அறைத் தோழி போட்ட சத்தத்தில் விடுதிப் பொறுப்பாளரே ஓடி வந்துவிட்டார். கணக்குப் பாடத்துக்கு இந்த மூளையில் கால்வாசியைச் செலவழித்தால் உம்மா நிம்மதியாக உறங்குவார்.

உன் பெயர் செய்திமடலில் இல்லாவிட்டாலும் என் அறிக்கையின் நன்றியுரையில் இருக்கிறது. அது மட்டுமில்லை. பன்னிரண்டு வீட்டு அளவுகளிலும் சுத்தமானது உன்னுடையதுதான். மற்றவர்களுடையதில் நாள் விடுபட்டிருக்கும், கறி சிந்தியிருக்கும், ஒரு நாள் கூடி மறுநாள் குறையும். நீ வாராவாரம் அனுப்பிய எண்களைப் போட்டால் கோடு மேசைமேல் வைத்த நூல் மாதிரி நேராக வருகிறது. மேடம் அதை வகுப்பில் காட்டி, "பதினாறு வயதுப் பையனுக்கு இருக்கும் ஒழுங்கைப் பாருங்கள்" என்றார். நான் உன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு நல்ல செய்தி. ஒக்டோபர் மழைக்கு முன் எந்தெந்த வீட்டுக்காரரை இடம்மாற்றுவது என்ற பட்டியலை எங்கள் இடைக்கால அறிக்கையை வைத்துத்தான் பிரதேச செயலகக் கந்தோரில் முடிவுசெய்தார்கள். மே மாதம் ஏழாம் இலக்கமும் அதில் இருந்தது. மூன்று மாதமாக அரை மில்லிமீற்றருக்கு மேல் அசையாததால் இப்போது நீக்கிவிட்டார்கள். ஆணித் தூரம் 110ஐத் தாண்டினால்தான் ஆபத்து. உன் வீடு 104இலேயே நிற்கிறது. அந்த மண்ணை விட்டுப் போகவேண்டி வருமோ என்று பேச்சியம்மாக்கா எவ்வளவு அழுதார் என்று உனக்குத் தெரியும். கந்தோர்க் கடிதம் இந்த வாரம் வரும். அதற்கு முன் நீயே போய்ச் சொல்லு.

போட்டி முப்பத்தோராம் திகதி. துஆ செய்.

அன்புடன்,
ராத்தா


மடவளை
26.08.2024

அன்பு ராத்தாவுக்கு,

சலாம். உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். கதிரை இல்லாவிட்டால் கட்டிலிலாவது.

சனிக்கிழமை மேலே போனேன். பேச்சியம்மாக்கா தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகாத நாள். அவருடைய புருஷன் வீரய்யா அண்ணனும் கட்டுகஸ்தோட்டைச் சந்தையிலிருந்து வந்துவிட்டிருந்தார். கந்தோர்க் கடிதம் எனக்கு முன்னமே வந்திருந்தது. சிங்களத்தில் இருந்ததால் நான் வாசித்துச் சொன்னேன். அக்கா எழும்பிப் போய், மே மாதத்திலிருந்து கட்டி வைத்திருந்த பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து அவிழ்த்தார். மகள் நிஷாந்தினியின் வெள்ளைச் சட்டை, கல்யாணப் படம், காணி உறுதிப் பத்திரம். ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். எனக்குப் பால் விடாத பிளேன்டியும் சீனிக்கட்டியும் தந்தார்கள்.

அதைக் குடித்துவிட்டுத்தான் குசினிக்குப் பின்னால் போனேன். சும்மா, ஒருமுறை அளந்துவிடுவோமே என்று.

121.

அடிமட்டத்தைத் திருப்பி வைத்தேன். 121. என் சின்ன விரல் வெடிப்புக்குள் நகம் மறையப் போகிறது.

ராத்தா, ஜூன் பத்தாம் திகதிக்குப் பிறகு நான் மேலே போகவே இல்லை. முதல் நாள் மழை, படியெல்லாம் அட்டை. முந்தின நாள் எண்ணையே எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் எழுதினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாப்பாவின் கடை மேசையில் உட்கார்ந்து ஏழு நாளுக்கும் சேர்த்து எழுதிவிடுவேன். 104, 104, 104.5, 104. அந்த அரையை இடைக்கிடை போட்டது உண்மை மாதிரி இருக்கட்டும் என்று. அளவு எடுக்கச் சொன்னீர்கள், நான் களவு எடுத்திருக்கிறேன். (இது வழக்கமான பகிடி இல்லை. பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.)

திரும்பி முன்பக்கம் வந்தபோது அக்கா சொன்னார்: "கூடுது போலத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா நாங்க வேலைக்குப் போன பொறகு நீங்க வந்து அளந்துட்டுத்தானே போறீங்க. எதுனாச்சும்னா சொல்ல மாட்டீங்களான்னு இருந்துட்டோம்."

நான் 121ஐச் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டேன். என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

அஹ்னாப்


பேராதனை
29.08.2024

அன்புக் குரங்குக்கு,

எனக்கு வயது இருபத்துநான்கு. ஏப்ரல் மாதம் பீடாதிபதி கையெழுத்தோடு 'உங்கள் பெறுபேறுகள் இரத்துச் செய்யப்பட்டுள்ளன' என்று ஒரு கடிதம் இதே கெரியரில் வந்தது. நான் அரை நாள் அழுதேன். அதன்பிறகு கடிதத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஏப்ரல் வாழ்த்துகள்' என்று இருந்ததைப் பார்த்தேன். இந்த முறை முதல் வேலையாகப் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. முன்னேறிவிட்டாய், வாழ்த்துகள்.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஏதாவது செய்வாய் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன். பெட்டியை அவிழ்த்தது, விரல் நகம் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் 121 என்று எழுதியதுதான் பிழை. 111 என்றிருந்தால் நம்பியிருப்பேன். நேற்று உம்மாவின் ஃபோனில் அழுதாய் பார், அதுவும் கொஞ்சம் கூடிவிட்டது. அதனால்தான் சிரித்துவிட்டு வைத்தேன், கோபிக்காதே.

நாளை கொழும்புக்குப் போகிறோம். வந்து பேசுவோம். ஃபலூடா உனக்கு நிச்சயம்.

ராத்தா


மடவளை
02.09.2024

ராத்தா,

முதலாம் பரிசு கிடைத்த செய்தி சனிக்கிழமையே வந்துவிட்டது. துறையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்ட படத்தை மஹ்மூத் மாமா காட்டினார். கேடயத்தை நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். பின்னால் பெரிய தாளில் பன்னிரண்டு கோடுகள். ஏழாவது நேராக இருக்கிறது.

இத்துடன் கொப்பியை அனுப்புகிறேன். நீங்கள் இதுவரை எண்களைத்தான் பார்த்தீர்கள், கொப்பியைப் பார்க்கவில்லை. ஜூன் பத்துக்கு முன்னால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பேனை. எழுத்து நனைந்திருக்கும், வளைந்திருக்கும். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு பேனை, ஒரே சாய்வு. பார்த்தால் உங்களுக்கு விளங்கும்.

வாப்பாவிடம் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் கொப்பியை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "இது மனுசன்ட உசிரு, மகன்" என்றார். அவ்வளவுதான். பிறகு சீலை அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு அந்த நோகும் முழங்காலோடு மேலே ஏறினார். இருபது படிக்கு ஒருமுறை நின்றார். அவர் அளந்தது 123. கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணுக்குக் கீழே அவர் கையெழுத்து இருக்கிறது.

வாப்பாவுக்குப் பகிடி விடத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

அஹ்னாப்


பேராதனை
16.09.2024

அஹ்னாப்,

கொப்பி கிடைத்த அன்றே மேடத்தின் அறைக்குப் போனேன். அவர் முதல் தாளையும் கடைசித் தாளையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "எண்கள் இவ்வளவு ஒழுங்காக வந்தபோது நான் சந்தோசப்பட்டிருக்கக் கூடாது" என்றார். உன்னைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கேடயத்தைத் திருப்பி அனுப்பியாயிற்று. இம்மாத மடலில் நீர் ஆய்வுகூடச் செய்திக்குக் கீழே இரண்டு வரி: 'கடந்த இதழில் வெளியான மண்சரிவு ஆய்வின் தரவுகளில் பிழை கண்டறியப்பட்டுள்ளதால் அவ்வாய்வு மீளப்பெறப்படுகின்றது.' உம்மாவிடம் ஃப்ரிட்ஜில் இருப்பதைக் கழற்றச் சொல். என் ஆய்வு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பட்டமளிப்பு என் வகுப்புக் கூட்டத்தோடு இல்லை. அதை விடு.

பட்டியல்தான் பிரச்சினை. மேடம் அன்றே கந்தோருக்கு ஃபோன் எடுத்தார், மறுநாள் நேரில் போனார். பட்டியல் கையெழுத்தாகி மேலே போய்விட்டதாம். ஒரு வீட்டைச் சேர்க்கப் புது அறிக்கை வேண்டும். புது அறிக்கைக்கு மூன்று மாத அளவீடு வேண்டும். அந்த விதியை எழுதிக் கொடுத்ததே எங்கள் துறைதான். புதன்கிழமை நீ பள்ளிக்கூடத்தில் இருந்தபோது மேடமும் நானும் கிராம சேவகரோடு மேலே போனோம். 126. அவர் நல்ல மனிதர், பார்த்துப் பயந்துவிட்டார். ஆனால் ஆபத்தில்லை என்று சீல் வைத்த கடிதம் சுவரில் இருக்கும்போது வீட்டைவிட்டு எழும்பச் சொல்லி உத்தரவிட அவருக்கு அதிகாரம் இல்லை. புத்திமதி சொல்லலாம், அவ்வளவுதான். சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள்.

மூன்று மாதம் என்றால் டிசம்பர். மழை ஒக்டோபரில்.

நீ செய்ததை உன் வாயால் அவர்களிடம் சொல். எப்படியாவது அவர்களைக் கீழே இறக்கு. இனி நீ அளக்க வேண்டாம்; திங்களும் வியாழனும் எங்கள் மாணவர் ஒருவர் வருவார். எனக்குக் கொஞ்ச நாளைக்குக் கடிதம் எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை. உன் எழுத்தைப் பார்த்தால் எது பகிடி, எது மெய் என்று தேட ஆரம்பிக்கிறேன். அது எனக்கு இப்போது முடியவில்லை.

இன்ஷிரா


மடவளை
07.10.2024

ராத்தா,

எழுதாதே என்றீர்கள். மூன்று வாரம் எழுதவில்லை.

நீங்கள் சொன்னபடி சொன்னேன். அக்கா மாட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். ஜூனிலிருந்து நான் வரவே இல்லை, எல்லாம் கடையில் இருந்து எழுதிய பொய் எண், கடிதமும் பொய், வீட்டைவிட்டு இறங்குங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் சிரித்தார். "போன தடவ சிறுத்த, இந்தத் தடவ செவரா?" என்றார்.

உங்களுக்குத் தெரியாது. பெப்ரவரியில் தேயிலைக்குள் சிறுத்தை நிற்கிறது என்று ஓடிவந்து சொன்னேன். அவர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்து, அன்றைய வேலைக்கும் போகவில்லை. நான் மஞ்சள் சாக்கைக் காட்டிச் சிரித்தேன். அவரும் அன்று சிரித்தார். அதனால் பிழையில்லை என்று நினைத்திருந்தேன்.

சத்தியம் பண்ணினேன். சத்தியம் பண்ணப் பண்ண நிஷாந்தினி இன்னும் சிரித்தாள். அவளுக்கு நான் என்ன சொன்னாலும் சிரிப்பு வரும்.

மாலையில் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வாப்பா சொன்னதை மரியாதையாகக் கேட்டார்கள். கடைக்கு மேலே உள்ள அறையைத் தருகிறேன் என்றார். வீரய்யா அண்ணன், இரண்டு நாள் என்றால் வரலாம், மூன்று மாதம் என்றால் மாட்டை என்ன செய்வது, நாலு பேர் வீட்டில் நின்று பழகியவர்கள் இல்லையே நாங்கள் என்றார். அக்கா கடிதத்தைக் காட்டினார். தகரப் பெட்டியில் வைத்தால் பூச்சி அரிக்கும் என்று சுவரில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார், இனி உரித்தெடுக்கவும் முடியாது. வாப்பா நீங்களும் மேடமும் வந்து சொன்னதை நினைவுபடுத்தினார்.

"அந்த மேடம்தான் மொத பயமில்லன்னு எழுதிக் குடுத்தாங்க. இப்ப பயம்ங்கிறாங்க. நாளைக்கு மறுபடி பயமில்லம்பாங்க. நாங்க என்ன மொதலாளி, பெட்டியக் கட்டுறதும் அவுக்குறதுமாவே இருக்கிறதா?"

அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

உங்கள் மாணவர் வருகிறார், நல்லவர், ஆனால் வாரத்தில் இரண்டு நாள்தான். நான் ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு ஏறுகிறேன். யாரும் எண்ணைக் கேட்பதில்லை. 129.

அஹ்னாப்


மடவளை, ஏழாம் இலக்க வீடு
24.10.2024

ராத்தா,

பதில் வரவில்லை. பரவாயில்லை.

நாலாவது நாளாக மழை. பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது, தொழிற்சாலையும் இல்லை. மூவரும் வீட்டில்தான் இருந்தார்கள். நான் காலையில் புத்தகப் பையோடு வந்து குசினி வாசலில் உட்கார்ந்தேன். நீங்கள் இறங்கும்வரை நானும் இறங்க மாட்டேன் என்றேன். அக்கா இதையும் பகிடி என்றுதான் எடுத்தார். ரொட்டியும் சம்பலும் வைத்தார். ஆறரைக்கு 138. ஒன்பதுக்கு 139. நான் வாசிக்கும் ஒவ்வொரு எண்ணையும் நிஷாந்தினி கரியால் தரையில் எழுதினாள்.

பத்து மணிக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

கிராம சேவகருக்கு வீரய்யா அண்ணனின் ஃபோனில் எடுத்தோம். வீதி எங்கோ மூடியிருக்கிறதாம், முடிந்தவுடன் வருகிறேன் என்றார். உம்மா என்னைத் தேடிக் குடையோடு ஏறி வந்தார். படி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தவர், சுவரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளயயாவது தாங்க" என்றார்.

மாடு வரமாட்டேன் என்று நிற்கிறது, மாட்டை விட்டு அண்ணன் வரமாட்டார், அண்ணனை விட்டு அக்கா வரமாட்டார். கடைசியில் அக்கா நிஷாந்தினிக்குத் தலை சீவி, வெள்ளைச் சட்டையைப் பையில் போட்டு, காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் எறங்குங்க தம்பி. புள்ளைய ஒங்கள நம்பித்தான் அனுப்புறேன்."

என்னை நம்பி என்றார், ராத்தா.

அவள் உம்மாவின் குடைக்குள் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளோடு இறங்க வேண்டும். இறங்கினால் இவர்கள் இருவரும் இங்கே. என்ன செய்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை, கேட்பதற்கு உங்களைத் தவிர ஆளும் இல்லை. இறங்கி அவளைக் கடையில் விட்டுவிட்டு வாப்பாவோடும் கயிற்றோடும் திரும்ப ஏறப் போகிறேன். மாட்டை இழுக்க நாலு பேர் போதுமாம். இந்தக் கடிதம் மஹ்மூத் மாமாவிடம் போகும். வீதி திறந்தால் உங்களுக்குக் கிடைக்கும்.

போவதற்கு முன் ஒருமுறை அளந்தேன். 142.

இது நான் பார்த்து எழுதியது.

அஹ்னாப்